மடியில் மூன்று ஃபியூஸ் கட்டை

என் வாய் நீளம் என்பது கல்யாணத்துக்கு முன்பே ஊரறிந்த விஷயம். சேவூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில், "இந்த வாயை வெச்சுக்கிட்டு இவ போற ஊட்டுல எப்படிக் குப்பை கொட்டப் போறாளோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை. அப்படிப்பட்டவளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டிக்கொண்டவரோ மரியாதையில் ஊறிப்போன மனிதர். வழியில் படுத்திருக்கும் கன்றுக்குட்டியிடம்கூட, "கண்ணு, சித்தெ அக்கட்டால நகருங்க" என்பார். அது நகராது. இவர் சுற்றிக்கொண்டு போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. எங்களுக்கு ஒரு சின்ன சலவைப் பட்டறை இருந்தது. பனியன் துணியை வெளுத்துக் கொடுப்பது தொழில். வீடும் பட்டறையும் ஒரே சுற்றுச்சுவருக்குள். வாசலைத் தாண்டினால் கிணறு, அப்புறம் வெளுக்கிற தொட்டிகள், கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகைக்குள்தான் ஹைட்ரோ மிஷின் இருந்தது.

ஹைட்ரோ என்பது வேறொன்றுமில்லை, துணி பிழிகிற மிஷின். பெரிய இரும்புத் தொட்டி, அதற்குள் ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புக் கூடை. ஈரத்துணியைக் கூடைக்குள் அடுக்கி மோட்டாரைப் போட்டால் கூடை சுழலும், தண்ணீர் ஓட்டை வழியாகப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடும். கூடைக்கு அடியில் செங்குத்தாக ஒரு ஷாஃப்ட். அந்த ஷாஃப்டை அசையாமல் தாங்கிப் பிடித்துச் சுழல விடுவது ஒரு பேரிங், நடுவில் குண்டுகள் உருளுகிற இரட்டை இரும்பு வளையம். பாம்பை நான் விளக்குமாற்றால் அடித்திருக்கிறேன். ஆனால் அந்த மிஷின் முழு வேகத்தில் ஓடும்போது கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் அதை வேறு யாரையும் ஓட்ட விட மாட்டார். "அது கொஞ்சம் கோவக்காரிங்க. எனக்குத்தான் பழக்கம்" என்று வேலையாட்களிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

ஒரு புதன்கிழமை காலை அந்தக் கோவக்காரி நிஜமாகவே பொங்கிவிட்டாள். நான் கிணற்றடியில் இருந்தேன். கொட்டகைக்குள்ளிருந்து முதலில் ஒரு உறுமல், அப்புறம் இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். தரை அதிர்ந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கூடை ஒரு பக்கம் சாய்ந்து தொட்டியை அறைந்துகொண்டே சுற்றுகிறது. இவர் பிரேக்கின் மேல் ஏறி நின்று உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்திக்கொண்டிருக்கிறார். மிஷினைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டு ஒன்று பிய்த்துக்கொண்டு அவர் விலாவை உரசிப் போய்ப் பின்னால் தகரத்தைத் துளைத்துவிட்டது. கூடை ஒருவழியாக நின்றது. அவர் இறங்கி வந்து, "அம்மிணி, ஒரு சொம்பு தண்ணி" என்றார். கொடுத்ததில் பாதியை நெஞ்சில் ஊற்றிக்கொண்டார்.

நான் போய்த் தகரத்தில் விழுந்த அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் தாராளமாகப் போயிற்று.

பேரிங் போய்விட்டது என்றார்கள். புதுப் பேரிங் அப்போதெல்லாம் நினைத்தவுடன் கிடைக்கிற சாமானா? கோயமுத்தூரில் எங்கோ யாரிடமோ ஒன்றே ஒன்று இருந்ததை இவர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார். அதற்குள் வெளுத்த துணி ஒரு மலை ஈரத்தோடு கிடந்தது. ஈரத்துணி கிடக்கக் கிடக்கப் பழுப்பேறும். அந்த அவசரத்தில் வியாழக்கிழமை மத்தியானம் இவர் கொட்டகைக்குள் சுத்தியலும் உளியுமாக எதையோ டங்கு டங்கென்று அடிக்கிற சத்தம் கேட்டது. சாயங்காலம் காது மடலில் ஒரு கீறலோடு வந்தார். கேட்டால், "செரைக்கையில பட்டுருச்சு" என்றார். காது மடலில் எவனாவது சிரைப்பானா என்று அப்போதே எனக்கு உதைத்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஃபிட்டர் பாய் வந்தார்.

மில்லுகளிலும் ஜின்னிங் ஃபேக்டரிகளிலும் பேரிங் கழற்றவும் மாட்டவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்தான். ஆள் ஷோக்குப் பேர்வழி. படிய வாரிய தலை, பாக்கெட்டில் சீப்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "கிரீஸ் வேலைக்கு வந்தவரா, பொண்ணு பாக்க வந்தவரா?" என்று வேலையாட்களிடம் முணுமுணுத்தேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"அழுக்கு இருக்கிற எடத்துல பேரிங் வாழாதுங்க அம்மிணி. அதான் வெள்ளைச் சட்டை. இதுல அழுக்கு பட்டா என்ற கண்ணுக்குத் தெரிஞ்சுரும்" என்றார்.

கொட்டகைக்குள் போனவர் உளி பட்ட தடத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "இது யாரு சோலிங்க?"

"நேத்து சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேனுங்க பாய்" என்றார் இவர்.

"இந்த உருக்கு அடிச்சா வளையாதுங்க. கண்ணாடியாட்டம் தெறிக்கும். கண்ணு போயிருக்குமுங்க." பாய் அந்தச் சுத்தியலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "போகையில குடுத்துட்டுப் போறனுங்க."

நான் இவர் காதைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். "செரைக்கையில பட்டுச்சா? நல்லா இருக்குது உங்க செரைப்பு!" என்று பிடித்துக்கொண்டேன். வந்த ஆளுக்கு முன்னால் புருஷனை இப்படிப் பேசலாமா என்று வேலையாட்கள் நெளிந்தார்கள். நெளியட்டும் என்று விட்டேன்.

அடுத்து பாய் மெயின் சுவிட்சை அணைத்தார். அதோடு விடவில்லை. பெட்டியைத் திறந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கினார். வெள்ளைப் பீங்கான் கட்டைகள். அவை இல்லாவிட்டால் யார் சுவிட்சைப் போட்டாலும் மோட்டாருக்குக் கரண்டு போகாது. கையை உள்ளே விட்டு வேலை செய்கிறபோது எவனாவது தெரியாமல் சுவிட்சைத் தட்டிவிட்டால் கை போய்விடும் என்பதற்காகத்தான். கட்டைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இந்த ஊட்டுல சொன்ன பேச்சுக் கேக்காத ஆளு யாருங்க?"

என் வீட்டுக்காரரும் இரண்டு வேலையாட்களும் சொல்லி வைத்தாற்போல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்க வெச்சுக்குங்க அம்மிணி. எல்லா வேலையும் முடியற வரைக்கும் ஆரு கேட்டாலும் குடுக்கக் கூடாது. உங்க ஊட்டுக்காரரு கேட்டாலும் குடுக்கக் கூடாது."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நல்ல கனம். அன்று முழுவதும் குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

பழைய பேரிங்கைக் கழற்றியதைப் பார்க்க வேண்டுமே. ஷாஃப்டை வெளியே எடுத்துக் கட்டைகளின் மேல் கிடத்தினார்கள். பாய் பேரிங்கின் மேல் நனைத்த சாக்கைச் சுற்றினார். தெறித்தால் சாக்குக்குள்ளேயே தெறிக்கட்டும் என்றார். மூன்று கால் நண்டு மாதிரி ஒரு கருவி, அதைப் புல்லர் என்றார்கள். அதன் கால்களை உள்வளையத்துக்குப் பின்னால் மாட்டி, நடுத் திருகை ஷாஃப்டின் முனையில் ஊன்றித் திருகினார். எல்லோரையும் நேர் எதிரில் நிற்காதீர்கள் என்று விரட்டினார். கால் சுற்று, நிறுத்துவார், காது கொடுப்பார், மறுபடி கால் சுற்று. இவர் முந்தின நாள் அத்தனை அடித்தும் அசையாதது, 'டங்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சாதுவாக நகர்ந்து வந்தது.

அதன் வளையத்தை அவர் துடைத்துக் காட்டினார். குண்டுகள் ஓடுகிற பாதையில் அம்மை வடு மாதிரி ஒரு குழி. அங்கிருந்து சுற்றிலும் சொரசொரப்பு.

"மணலோ சுண்ணாம்புத் தூசியோ, கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ள போயிருக்குதுங்க. குண்டு அதை அரைச்சுக்கிட்டே ஓடும். உருக்கைத் தோண்டும். தோண்டின தூளு இன்னும் தோண்டும். அப்புறம் ஒரு நாளைக்கு முழு வேகத்துல மாட்டிக்கும்."

நான் நகத்தால் அந்தக் குழியைத் தடவிப் பார்த்தேன். நகம் தட்டியது. கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று, என் புருஷன் விலாவுக்குப் பக்கத்தில் தகரத்தைத் துளைத்திருக்கிறது. அந்த இடத்திலேயே எனக்கு ஏதோ ஆகிவிட்டது. அதுவரை இரும்பு என்றால் இரும்பு, அவ்வளவுதான். அதற்குள் இத்தனை நுணுக்கமா சாமி என்று வாயடைத்துப் போனேன். என் வாய் அடைத்தது என்றால் சும்மாவா!

புதுப் பேரிங்கைப் பாய் அதுவரை பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை. முதலில் வாசலில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கச் சொன்னார். பிறகு வீட்டில் பெரிய வடைச்சட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. என் கல்யாணச் சீரில் வந்த சட்டி. புது மிஷின் ஆயிலை அதில் ஊற்றிக் காய்ச்சப் போகிறாராம். "என்ற அம்மா ஊட்டுச் சீர்ச்சட்டிலீங்களா?" என்று கத்திவிட்டேன். இவர் கெஞ்சுகிற முகத்தோடு பார்த்தார். கொண்டுவந்து 'ணங்'கென்று வைத்தேன். பாய் அதை வாங்கி, நான் நேற்றுத்தான் தேய்த்து வைத்த சட்டியை மறுபடி தேய்த்துக் கழுவி, துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே போய்ச் சொல்ல!

மூங்கில் குழாய் ஒன்றுக்குள்ளிருந்து பஞ்சில் சுற்றிய கண்ணாடிக் குச்சி ஒன்றை எடுத்து எண்ணெயில் விட்டார். "பேரிங்குக்குக் காய்ச்சலுங்களா பாய்?" என்றேன்.

"காய்ச்சல் வர வெக்கப் போறமுங்க. கொஞ்சமா வரணும். எச்சா வந்தா நீலம் பாஞ்சு செத்துப்போகும்."

பிறகு சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினார். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். விரல் இடுக்கு, நகக்கண் எதையும் விடவில்லை. தொழுகைக்குப் போகிறவர் மாதிரி அத்தனை பொறுமை. அதற்குப் பிறகுதான் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தார். அடேயப்பா! ஒவ்வொரு குண்டிலும் ஆகாசம் தெரிந்தது, தென்னை மரம் தெரிந்தது, எட்டிப் பார்த்த என் மூஞ்சி தெரிந்தது. விரலால் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் மூச்சு பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

முதலில் காய்ச்சாத பேரிங்கை, செங்குத்தாக நிறுத்தி வைத்த ஷாஃப்டின் மேல் வைத்துக் காட்டினார். வாயிலேயே நின்றுவிட்டது, உள்ளே இறங்க மறுத்தது. பிறகு சட்டியின் அடியைத் தொடாதபடி கம்பியில் தொங்கவிட்டு எண்ணெயில் காய வைத்தார். கண்ணாடிக் குச்சி சொன்ன பதம் வந்ததும் கைக்குக் கெட்டித் துணி சுற்றிக்கொண்டு தூக்கி, எண்ணெயை வடித்து, ஷாஃப்டின் மேல் வைத்தார். சல்லென்று இறங்கியது. அடியும் இல்லை, தள்ளலும் இல்லை. தானாக இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அது நகராமல் ஒட்டி உட்காரும் வரை பாய் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். "இப்ப இழுத்துப் பாருங்க" என்றார். இரண்டு வேலையாட்களும் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. முன்னால் பார்த்தபோதும் அதே வளையம், பின்னால் பார்த்தபோதும் அதே வளையம். பெருத்தது எப்போது, இறுக்கியது எப்போது? எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாத ஒன்று என் கண் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. பழனி மலையில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அது அன்றைக்கு எனக்கு என் வாசலில் வந்தது. சீர்ச்சட்டி போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

பேரிங் ஆற வேண்டும். அதன் மேல் வெளுத்த துணியைப் போர்த்திவிட்டுப் பாய், ஜும்மாத் தொழுகைக்குச் சைக்கிளில் போய்விட்டார். திரும்பி வந்து கிரீஸ் வைத்து மூடுவதாகச் சொன்னார். நான் சமையலுக்குப் போனேன்.

பாய் வந்து துணியைத் தூக்கியபோது பேரிங்கில் கிரீஸ் நிறைந்திருந்தது.

"கிரீஸ் ஆரு வெச்சதுங்க?"

"நாந்தானுங்க பாய். உங்களுக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னு. கை நல்லாக் கழுவிட்டுத்தானுங்க வெச்சேன்."

பாயின் நெற்றி சுருங்கியது. ஒரு வார்த்தை சொல்லப் போனவர் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க, சரிங்க. பரவாயில்லீங்க" என்றார். அதை வழித்துப் போட்டுவிட்டுத் தான் வேறு வைத்தால் பட்டறைக்காரர் மனசு நோகுமே என்று விட்டுவிட்டார். மேலே மூடியைப் போட்டு முடுக்கினார்கள். ஷாஃப்டை ஏற்றிக் கூடையை மாட்டி, பெல்ட்டையும் போட்டு முடித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

மிஷினைப் போடுவதற்கு முன்னால் சூடம் காட்டலாம் என்று இவர் சொன்னார். அன்று கிருத்திகை வேறு. நான் தட்டை எடுக்கச் சாமி மாடத்துக்குப் போனேன். திருநீற்றுச் சம்புடத்தின் மூடியில் மூன்று விரல் ரேகை பதிந்திருந்தது. பழுப்பாகப் பிசுபிசுவென்று. முகர்ந்து பார்த்தேன். கிரீஸ். மூடியைத் திறந்தேன். போன வாரம் பழனியிலிருந்து வந்து தலை தட்ட நிரப்பி வைத்த சம்புடத்தில் பாதிதான் இருந்தது.

இவரைக் கைகாட்டி வீட்டுக்குள் கூப்பிட்டேன்.

"திருநீறை எங்க கொண்டு போய்ப் போட்டீங்க?"

இவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "கிரீஸோட ஒரு சிட்டிகை கலந்து வெச்சேன் அம்மிணி. முருகன் உள்ளயே இருந்து பாத்துக்குவான்னு..."

"ஒரு சிட்டிகையா? பாதிச் சம்புடத்தைக் காணோம்!"

"ரெண்டு மூணு சிட்டிகை. மெதுவாப் பேசு. பாய் காதுல விழுந்தா, தன்ற கை மேல நம்பிக்கை இல்லாமப் பண்ணிட்டமேன்னு சங்கடப்படுவாரு. மூச்சு விட்றாதே."

எப்படி இருக்கிறது பாருங்கள். இவர் மனசு நோகக் கூடாதென்று அவர் கிரீஸை வழிக்கவில்லை. அவர் மனசு நோகக் கூடாதென்று இவர் திருநீற்றைச் சொல்லவில்லை. இரண்டு நல்ல மனிதர்களின் மரியாதைக்கு நடுவில் கூடை முழு வேகத்தில் சுற்றப் போகிறது. அதன் பக்கத்தில் நிற்கப் போவது இவர். காலையில் என் நகத்தில் தட்டிய அந்தக் குழி நினைவுக்கு வந்தது. தகரத்து ஓட்டை நினைவுக்கு வந்தது.

வாசலிலிருந்து பாய் குரல் கொடுத்தார். "அம்மிணி, வேலை முடிஞ்சுதுங்க. ஃபியூஸ் கட்டையக் குடுங்க."

நான் வெளியே வந்து கொட்டகை வாசலில் நின்றேன். "தர மாட்டேனுங்க."

"நாந்தானுங்க கேக்கறேன்."

"நீங்க கேட்டாலுந்தானுங்க."

இவர் பின்னாலேயே வந்து, "குடு புள்ள" என்றார். குரலில் கெஞ்சல் பாதி, அதட்டல் பாதி. என்னை அவர் அதட்டியதே இல்லை. வேலையாட்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். சொன்னால் என் புருஷனுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால்? முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குள்ள பழனித் திருநீறு கெடக்குதுங்க பாய். கிரீஸுல கலந்து அப்பி வெச்சிருக்கறாரு. உங்க மனசு சங்கடப்படும்னு சொல்லலையாம். நான் அறுத்துக் கட்டற ஜாதி இல்லீங்க, இந்த ஆளோட இன்னும் ரொம்ப நாள் சண்டை போட்டுக் குடும்பம் பண்ணோணும். இந்தக் கட்டையத் தர மாட்டேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்குங்க!" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. பாய் மெதுவாகத் தலையிலிருந்த தொப்பியை எடுத்து மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"தப்பு என்ற மேலதானுங்க" என்றார் இவரிடம். "கிரீஸைப் பார்த்த ஒடனே கேட்டிருக்கோணும். திருநீறு நெத்திக்குங்க. அது நெத்தியில இருக்கட்டும். இதுக்குள்ள கிரீஸைத் தவிர ஒண்ணும் வேண்டாமுங்க." பிறகு என்னைப் பார்த்து, "அம்மிணி, அந்த முடிச்சு அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

பூட்டிய மிஷினை மறுபடி பிரித்தார்கள். மறுபடி புல்லர், மறுபடி கால் கால் சுற்றாகத் திருகல். பேரிங்கைச் சுத்தமான மண்ணெண்ணெயில் அலசினார். அந்த எண்ணெயைத் தனியாக வைத்துவிட்டு வேறு எண்ணெயில் அலசினார். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் காதருகே வைத்துச் சுற்றிக் கேட்டார். குண்டுகளுக்கு இடையிலிருந்து சாம்பல் கரைந்து அலசிய பாத்திரத்தின் அடியில் படிந்தது. வேலையாள் ஒருவர் அந்த அழுக்கெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றப் போனார்.

"வேண்டாமுங்க" என்று பாய் தடுத்தார். "அதுல திருநீறு இருக்குது. கால்படற எடத்துல ஊத்தக் கூடாதுங்க."

அவரே அதைத் தெளிய வைத்து, துணியில் மெதுவாக வடிகட்டினார். துணியில் தங்கிய சாம்பலை ஒரு காகிதத்தில் வழித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்து உலரப் போட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். காலையில் பேரிங்கை எப்படித் தொட்டாரோ அதே கையால், அதே பொறுமையோடுதான் அதையும் தொட்டார். அன்று நான் பார்த்த அதிசயங்களில் எது பெரியது என்று கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்.

இருட்டிய பிறகும் இருந்து பேரிங்கை மறுபடி காய்ச்சி ஏற்றி, ஆறியதும் தன் கையாலேயே கிரீஸ் வைத்து மூடிவிட்டுப் போனார். இவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். போதும் என்று கையால் காட்டினார். என் பிறந்த வீட்டில் சொன்னதெல்லாம் நிஜமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை.

மறுநாள் காலையில் பாய் வந்து கூடையை மாட்டி எல்லாவற்றையும் சரிபார்த்தார். உலர்ந்த சாம்பலைக் காகிதத்தோடு மடித்து இரண்டு கையாலும் இவரிடம் நீட்டினார். இவரும் இரண்டு கையாலும் வாங்கி, முருகா என்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். மண்ணெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. "இன்னைக்குப் பூராவும் அடுப்புப் பக்கம் வந்துறாதீங்க!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். பாய்தான் முதலில் சிரித்தார். இவரும் சிரிப்பை அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்தார்.

நான் முடிச்சை அவிழ்த்துக் கட்டைகளைக் கொடுத்தேன். எல்லோரையும் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு வெறும் கூடையை ஓடவிட்டார்கள். சீறல் இல்லை, உறுமல் இல்லை. வேகம் எடுத்து நிலைத்த பிறகு பாய் ஒரு நீளத் திருப்புளியின் முனையைப் பேரிங் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். முதல் தடவையாக மிஷின் ஓடும்போது கொட்டகைக்குள் போனேன். பிடியில் காதை வைத்தேன். உள்ளே அத்தனை வேகம் ஓடுகிறது, கேட்டது என்னவோ ஒரு சீரான மெல்லிய இரைச்சல், கிணற்றடியில் தூரத்து வாய்க்கால் கேட்குமே அது மாதிரி. கண்ணில் நீர் வந்துவிட்டது. கூடையின் அந்தப் பக்கம், பிரேக்கருகில், நெற்றி நிறையத் திருநீற்றோடு இவர் நின்றுகொண்டிருந்தார்.

பாய் எங்கள் சுத்தியலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பழுப்பேறத் தொடங்கிய துணியை இவர் நாள் முழுவதும் பிழிந்தார். மத்தியானமும் பேச்சில்லை, சாயங்காலமும் பேச்சில்லை. மறுநாள் காலை நான் அடுப்படியில் இருந்தேன். கூடைக்குள் நூல் சிக்கியிருக்கிறது, கையை விட்டு எடுக்க வேண்டும் என்று வேலையாளிடம் அவர் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அடுப்படி வாசலில் வந்து நின்றார். உள்ளங்கையில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்.

"இந்தா, மடியில கட்டிக்கோ" என்றார். "நான் கேட்டாக் குடுக்காதே. வந்து பார்த்துட்டு, உன்ற மனசுக்குச் சரின்னு பட்டாக் குடு."

நான் மாவுக் கையைத் துடைத்துவிட்டு முந்தானையை விரித்தேன்.